பதினேழு திருகாணி

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாம். உனக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை என்று உன் மருமகள் சொன்னாள். கேட்கிற காதில் பேசினாலும் நமக்குள் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடும். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

அப்பாவின் வண்டியில் எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டது. போன வியாழக்கிழமை காலை ஷெட் கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். (அது இன்னும் அப்படித்தான் இறுகிக்கொள்கிறது.) வண்டிக்கு அடியில், உடைந்த கண்ணாடி மாதிரி ஒரு பனிக்கட்டி கிடந்தது. குனிந்து எஞ்சினின் இடது பக்கத்தைத் தடவினேன். நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஒரு விரிசல். எஞ்சின் சூட்டைத் தணிக்க உள்ளே ஊற்றும் தண்ணீர் உறைந்து, வீங்கி, இரும்பையே பிளந்திருக்கிறது.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். தண்ணீர் இறக்கவில்லையா? இறக்கினேன் அக்கா. பனிக்காலம் வந்தால் ஒவ்வொரு சாயங்காலமும் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் குட்டிக் குழாயைத் திறந்து வாளியை வைக்கிறேன். திறந்த கையோடு ஒரு சீட்டில் தேதி எழுதி ஷெட் சுவரில் குத்துகிறேன். நூலகத்தில் முப்பது வருடம் சீட்டு எழுதிய கை, வேறென்ன செய்யும். புதன்கிழமைச் சீட்டும் சுவரில் இருக்கிறது. "குழாய் திறந்தேன்" என்று என் கையெழுத்தில். ஆனால் விரிசலும் இருக்கிறது.

மகன் வந்தான். அவன் விரிசலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "இன்னிக்குத் தண்ணிய மறந்தீங்க, நாளைக்கு அடுப்ப மறப்பீங்க" என்றான். "மறக்கலடா, சீட்டைப் பாரு" என்றேன். "எழுதுறது ஞாபகம் இருந்திருக்கும்மா, செய்யறதுதான் மறந்திருக்கும்" என்றான். பிப்ரவரி 25 அன்று வருகிறானாம். வீட்டைப் பூட்டி என்னை அவனோடு அழைத்துப் போவானாம். ஏழாவது மாடி. எனக்கு ஒரு அறை தயாராக இருக்கிறதாம். வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறான்.

இங்கே அடுத்த தெருவில் ஒரு மெக்கானிக் இருக்கிறாள். பஸ் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுகிறவள். நாற்பது வயதிருக்கும், காதில் எப்போதும் ஒரு பென்சில். வெல்டிங் பண்ணலாமா வேறு வழி இருக்கிறதா என்று யோசிக்கிறாள். நம் சிறு வயதில் ஒரு முறை இதே வண்டி இப்படி வெடித்தபோது அப்பா எப்படிச் சரி செய்தார்? உனக்கு எதுவும் மறக்காது. பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நீதான்.

பதில் எழுது.

உன் தங்கை

*

ஜனவரி 14

சின்னவளுக்கு,

கடிதம் வந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன், நீ கேக்காட்டியும் சொல்லிக்கிறேன். பேத்தி, "நீங்க சொல்லுங்க பாட்டி, நான் எழுதித் தர்றேன்"னா. வேண்டாம்னுட்டேன். மூணாங்கிளாஸோட படிப்பை நிறுத்தினாங்க, ஆனா என் வயித்தெரிச்சலை எழுத அது போதும்.

ஆறு வருஷம்னு போட்டிருக்கே. ஆறு வருஷம் நாலு மாசம். என் கடைசி மகன் கல்யாணத்துக்கு அந்த வண்டிய மினுக்கி எடுத்துக்கிட்டு வந்தே. மண்டபத்துலேர்ந்து வீட்டுக்குத் திரும்பறப்ப முன் சீட்டுல யாரை உக்கார வெச்சே? உன் நாத்தனாரை. என்னை எங்க வெச்சே? பின்னாடி, பழக்கூடைக்கும் சுருட்டின கம்பளத்துக்கும் நடுவுல. மாப்பிள்ளையைப் பெத்தவ நான்! வழி நெடுக என் முழங்கால் அந்தக் கூடையில இடிச்சுக்கிட்டே வந்துச்சு. "கண்ணாடிய இறக்கட்டுமா"ன்னு நீ கேட்டே, அதையும் அவளைத்தான் கேட்டே. அவ ஊதா சேலை கட்டியிருந்தா. எனக்கு மறக்காதுன்னு நீயே எழுதியிருக்கே, அப்ப இதையும் தெரிஞ்சுக்கோ.

எனக்கு அந்த வண்டி மேல என்னிக்குமே ஆசை கிடையாது. நான் பொறக்கறதுக்கு முந்தியே வாங்கினது. அப்பா அதுக்கு "மூத்தவ"ன்னு பேரு வெச்சிருந்தார், ஞாபகம் இருக்கா? "மூத்தவளுக்குத் தண்ணி ஊத்தியாச்சா, மூத்தவளைத் துடைச்சாச்சா"ன்னு கேப்பார். அப்ப நான் யாரு? வீட்டுக்கு மூத்தவ தகரத்துல பொறந்தா, ரெண்டாவதா நான் பொறந்தேன், கடைக்குட்டி நீ. தகரத்துக்கு எண்ணெய், உனக்குப் பள்ளிக்கூடம், எனக்கு விளக்குமாறு.

சரி, கேட்டதுக்கு வர்றேன். வெல்டிங்னு சொன்னா அவ கையைத் தட்டி விடு. அது வார்ப்பிரும்பு. ஒரு இடத்துல மட்டும் நெருப்பைக் காட்டினா பக்கத்துல நாலு இடத்துல பிளக்கும். முதல்ல விரிசல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு பாக்கணும். கண்ணுக்குத் தெரியறது பாதிதான். துணியில மண்ணெண்ணெய் நனைச்சுத் தடவி, அரை மணி ஊற விட்டு, காயத் துடைச்சு, சாக்பீஸைப் பொடிச்சுத் தூவச் சொல்லு. உள்ள ஒளிஞ்சிருக்கிற எண்ணெய் மெதுவா கசிஞ்சு வெள்ளைப் பொடியில கோடு போடும். அந்தக் கோட்டோட ரெண்டு நுனியிலயும் ஒரு துளை போட்டாத்தான் விரிசல் மேற்கொண்டு ஓடாம நிக்கும். அப்புறம் கோடு நெடுக திருகாணி. பித்தளைக் கம்பியில மரை வெட்டி, ஒண்ணு இறக்கி, மிச்சத்தை அறுத்துட்டு, அடுத்த துளையைப் போடறப்ப முந்தின ஆணியை மூணுல ஒரு பங்கு கடிக்கிற மாதிரி போடணும். நடுவுல ஒரு மயிரிழை விட்டாலும் தண்ணி கசியும். கடைசியில சுத்தியலால மெல்லத் தட்டி, அரத்தால வழிச்சு விடணும்.

இதெல்லாம் விளக்குப் பிடிச்சவளுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சியா? யோசிச்சிருக்க மாட்டே.

மறுபடியும் மறந்துட்டியேடி. உன்னை வீட்டுல "மறதி"ன்னு கூப்பிட்டது சும்மாவா? உன் மகன் போன வாரம் எனக்குப் போன் போட்டான். "பெரியம்மா, அம்மா சின்ன வயசுலேயே இப்படியா?"ன்னு கேட்டான். ஆமாடான்னேன், இதே வண்டியில இதே மாதிரி பண்ணினாள்னேன். நடந்ததைத்தானே சொன்னேன்.

அக்கா

*

ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

மகனிடம் சொன்னது நீதானா. "சின்ன வயசிலேயே இப்படித்தானாமே" என்று, இங்கே வந்திருந்தபோது அவன் போனில் என் மருமகளிடம் சொன்னது அறைக்குள் எனக்குக் கேட்டது. யார் சொல்லியிருப்பார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசித்திருக்கவே வேண்டாம்.

அதை விடு. மண்ணெண்ணெயும் சாக்பீஸும் அற்புதமாக வேலை செய்தன. கண்ணால் பார்த்தபோது நான்கு விரல் நீளம் தெரிந்த விரிசல், பொடியில் ஒரு சாண் நீளத்துக்கு ஓடியது. மெக்கானிக் கை தட்டிச் சிரித்தாள். "இந்த வித்தை எனக்கே மறந்து போச்சும்மா" என்றாள். அக்கா, அவளை நீ பார்க்க வேண்டும். பிளாக்கைத் தனியாக இறக்கி மேசையில் வைத்திருக்கிறாள். துளை போடும்போது மூச்சுக்கூட விடுவதில்லை. பிசகாத கை. வேலை முடிந்ததும் நான் போட்டுத் தரும் டீயைக் குடித்துக்கொண்டே வண்டியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள். இப்படி ஒருத்தியோடு பேசி எத்தனை வருடம் ஆகிவிட்டது.

இடது பக்கத்தைத் துடைத்தவள், வலது பக்கத்தையும் சுரண்டிப் பார்த்தாள். அழுக்குக்கு அடியில் பித்தளை மின்னியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பதினேழு. வரிசையாக, ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு. விரலால் தடவினால் எங்கே இரும்பு முடிகிறது, எங்கே பித்தளை ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "யார் கைம்மா இது? நான் பார்த்ததிலேயே இதுதான் நல்ல கை" என்றாள்.

அப்பாவுடைய கை என்று சொன்னேன்.

என் கவலை வேறு, அக்கா. சீட்டை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். குழாயைத் திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வாளியில் தண்ணீர் விழுந்த சத்தம் வரைக்கும். பதினாறு வயதிலும் இதே மாதிரித்தான் ஞாபகம் இருந்தது. அன்று யாரும் நம்பவில்லை, கடைசியில் நானும் நம்பவில்லை. இல்லாத ஞாபகத்தை நானே உண்டாக்கிக்கொள்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. மகன் சொல்வது சரியாகத்தான் இருக்குமோ? கைப்பையில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், என் பெயரும் வீட்டு முகவரியும் எழுதி.

உன் தங்கை

*

ஜனவரி 27

சின்னவளுக்கு,

அப்பாவுடைய கையா?

உன் கடிதத்தைப் படிச்சிட்டு சோத்துத் தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்துட்டேன். மருமக, "என்னத்தே, யாராவது போயிட்டாங்களா?"ன்னு பதறினா. "இல்லடி, என்னை உயிரோட புதைச்சிட்டாங்க"ன்னேன்.

அந்தப் பதினேழும் நான் போட்டது! அப்பா பித்தளைக் கம்பிய மட்டும் லேத்துல மரை வெட்டிக் குடுத்தார். துளை நான் போட்டேன், கை டிரில்ல, நெஞ்சால அழுத்திச் சுத்தி. அந்தத் தழும்பு இன்னும் கழுத்தெலும்புக்குக் கீழ இருக்கு. விளக்குப் பிடிச்சது அவர். மூணு வாரம், ஷெட்டுல, சாயங்கால வெளிச்சம் போற வரைக்கும். ஒரு ஆணி இறக்கி, அறுத்து, தட்டி முடிச்சதும் அவர் குனிஞ்சு பாப்பார். பாத்துட்டு, "அடுத்தது"ம்பார். வேற ஒரு வார்த்தை கிடையாது. "அடுத்தது." எனக்கு அது போதுமா இருந்துச்சு. கல்யாணம் ஆகி வந்த வீட்டுல என்னைத் திட்டினப்பவும், புருஷன் போய் நான் தனியா நின்னப்பவும், அதை நினைச்சுக்குவேன். என் அப்பா என் கையில வேலையக் குடுத்துட்டு நம்பி நின்னார்னு. என் வாழ்க்கையில எனக்குன்னு இருந்தது அந்த மூணு வாரம்தான். அதையும் எடுத்து அவர் பேர்ல எழுதிட்டியே. வண்டி உனக்கு, முன் சீட்டு உன் நாத்தனாருக்கு, என் ஆணி அப்பாவுக்கு. எனக்கு என்னடி?

அந்த மெக்கானிக் கையப் பத்தி எழுதியிருக்கே. மூச்சு விடாம துளை போடறாளாம். மூச்சு விட்டா என்ன ஆயிடும்? நான் விட்டுக்கிட்டுத்தான் போட்டேன். டீ குடிச்சிட்டு ஒரு மணி நேரம் பேசறாளாம். என்கிட்ட நீ ஒரு மணி நேரம் பேசியிருக்கியா? அவளுக்கு ஒரு கரண்டி சர்க்கரையா ரெண்டான்னு இந்நேரம் உனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு எத்தனைன்னு சொல்லு பாப்போம்.

யார் போட்டான்னு அவகிட்ட இப்பவே போய்ச் சொல்லு. சொல்லிட்டு அவ மூஞ்சி எப்படி மாறுச்சுன்னு எனக்கு எழுது.

அக்கா

*

பிப்ரவரி 3

அக்கா,

உனக்குச் சர்க்கரை கிடையாது. இருபத்தெட்டு வயதிலிருந்து கிடையாது.

மெக்கானிக்கிடம் சொன்னேன். அவள் முகம் நீ நினைத்த மாதிரி மாறவில்லை. பென்சிலை எடுத்துக் காதைச் சொறிந்துகொண்டு, "அப்படின்னா உங்க அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

அவள் கேட்டது இது. முழுத் தண்ணீர் நின்று உறைந்தால் பிளாக்கின் மேல் பக்கமும் வெடிக்கும், பக்கவாட்டில் இருக்கும் தட்டு மூடிகளும் தெறித்து வெளியே வரும். இந்த வண்டியில் அப்படி எதுவும் நடந்த அடையாளமே இல்லை. இப்போது வெடித்த இடது பக்கமும் அடியில்தான், அன்று வெடித்த வலது பக்கமும் அடியில்தான். "ரெண்டு தடவையும் யாரோ குழாயைத் திறந்திருக்காங்கம்மா. பாதித் தண்ணி இறங்கியிருக்கு. பாதியில நின்னிருக்கு" என்றாள்.

அக்கா, நான் உட்கார்ந்துவிட்டேன்.

நான் திறந்திருக்கிறேன். பதினாறு வயதில் நான் அதைத் திறந்தேன். பிறகு எப்படிப் பாதியில் நின்றது? தானாக மூடிக்கொள்ளுமா? இந்தக் கேள்வியை வேறு யாரிடமும் கேட்க முடியாது. அந்த வீட்டில் இருந்தவர்களில் நீயும் நானும்தான் மிச்சம். என் ஞாபகத்தை நான் நம்புவதை விட்டு ஐம்பத்தைந்து வருடம் ஆகிறது. உன்னுடையதை எல்லோரும் நம்புகிறோம். அன்று சாயங்காலம் எனக்குப் பிறகு வண்டிப் பக்கம் யார் போனது?

மகன் 25ஆம் தேதி வருகிறான். பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டான். இரண்டு புடவை மடித்து வைத்தேன், மறுபடி எடுத்து வெளியே வைத்தேன்.

தங்கை

*

பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

மூணு நாளா எழுதி எழுதிக் கிழிச்சேன். பேத்தியோட நோட்டுல பாதி காலி.

நீ கேக்கற அந்தச் சாயங்காலம் ஒரு செவ்வாய்க்கிழமை. நீ நீல ஸ்வெட்டர் போட்டிருந்தே, முழங்கையில நான் ஒட்டுப் போட்டுக் குடுத்தது. அப்பா உனக்கு வண்டி பழக்க ஆரம்பிச்சு ஒன்பதாவது நாள். கால் எட்டலைன்னு என் தலையணைய எடுத்து உன் முதுகுக்கு வெச்சிருந்தார். என்னைக் கேக்காமலே எடுத்தார். நான் துவைச்ச துணி வாளியோட முற்றத்துல நின்னேன், விரல் எல்லாம் விறைச்சுப் போய். நீ வாசல்லேர்ந்து திருப்பி, ஒரே தடவையில ஷெட்டுக்குள்ள கொண்டு நிறுத்தினே. அப்பா வண்டிக் கூரையத் தட்டி, "சபாஷ்"னார். எனக்கு இருபத்தோரு வயசு. அந்த வார்த்தைய அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னதே இல்ல. நானும் பழகட்டுமான்னு கேட்டிருந்தேன். "உனக்கு வீட்டு வேலை கிடக்கு"ன்னுட்டார்.

நீ குனிஞ்சு குழாயைத் திறந்தே. நான் பாத்தேன். வாளியில தண்ணி விழுந்துச்சு, நீ சொல்ற அதே சத்தம். நீ பாட்டுப் பாடிக்கிட்டே உள்ள போனே. ஜன்னல் வழியா தெரிஞ்சே, கண்ணாடி முன்னாடி நின்னு ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி கையை ஆட்டிக்கிட்டு.

நான் ஷெட்டுக்குள்ள போய் குழாயை மூடினேன். ஒரு திருகு, அவ்வளவுதான். பாதி வாளி தண்ணிய செடிக்கு ஊத்திட்டு வாளியக் கவுத்து வெச்சேன்.

காலையில அப்பா உன்னை லேசா திட்டுவார், அதோட போயிடும்னுதான் நினைச்சேன். இல்ல, இது பொய். என்ன ஆனாலும் ஆகட்டும்னுதான் நினைச்சேன்.

காலையில "யார் தண்ணி இறக்கினது?"ன்னு கேட்டார். "நான்தான்பா, திறந்தேன்பா, சத்தியமா திறந்தேன்பா"ன்னு அழுதே. அவர் என்னைப் பாத்தார். "மறந்திருப்பா"ன்னேன். அந்த ஒரு வார்த்தையிலதான் உனக்கு மறதின்னு பேரு வந்துச்சு. சாவிய அவர் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். அப்புறம் நீ நாப்பது வயசுலதான் ஸ்டியரிங்கைத் தொட்டே.

இன்னொண்ணும் இருக்கு. இதை எழுதத்தான் கை வரல. உன் முதல் கடிதத்தைப் படிச்ச அன்னிக்கே, இந்தத் தடவை என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும். பழைய எஞ்சின்ல துரு கரைஞ்சு அடியில படியும். குழாயைத் திறந்ததும் ஒரு சொம்புத் தண்ணி வரும், அப்புறம் துரு வந்து வாயை அடைச்சிக்கும். நின்னுடுச்சே, முடிஞ்சுதுன்னு தோணும். அதனால திறந்ததும் ஒரு கம்பிய உள்ள விட்டுக் குத்தணும். அந்த வருஷத்துக்கு அப்புறம் தண்ணி இறக்கற வேலை எனக்கு வந்துச்சு, அதனால அப்பா எனக்கு மட்டும் சொல்லிக் குடுத்தார். உனக்கு யாரும் சொல்லல. வண்டி உன் கைக்கு வந்தப்ப நான் சொல்லியிருக்கலாம். சொல்லல. இன்னிக்கு வரைக்கும் சொல்லல. கைப்பையில முகவரி எழுதி வெச்சிருக்கேன்னு நீ எழுதினப்பவும் வாயை மூடிக்கிட்டிருந்தேன். அந்த மெக்கானிக் மேல எரிஞ்சுக்கிட்டிருந்தேன்.

ஒரு கம்பி எடுத்து அந்தக் குழாயைக் குத்திப் பாக்கச் சொல்லு. துரு வரும். வந்தா நீ மறக்கலன்னு அர்த்தம். அப்பவும் மறக்கல, இப்பவும் மறக்கல.

இந்தக் கடிதத்தை உன் மகன்கிட்ட காட்டு. பெரியம்மா சொன்னதை நம்பினான் இல்ல, இதையும் நம்பட்டும்.

அக்கா

*

மார்ச் 2

அக்கா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. முதல் வாரம் அதற்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். இரண்டாவது வாரம் மிக மோசமான ஒரு பதிலை எழுதி முடித்து, தபால் தலைகூட ஒட்டிவிட்டேன். அது இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேவைப்பட்டால் அனுப்புவேன்.

மெக்கானிக் ஒரு சைக்கிள் கம்பியை வளைத்துக் குழாய்க்குள் விட்டாள். காய்ந்த டீத்தூள் மாதிரி துரு கொட்டியது. கை நிறைய. அதை ஒரு காகிதத்தில் மடித்து வைத்தேன்.

மகன் 25ஆம் தேதி காலை வந்தான். பெட்டி எங்கே என்று கேட்டான். உன் கடிதத்தையும் துருப் பொட்டலத்தையும் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தான், பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான். எழுந்து ஷெட்டுக்குப் போனான். சுவரில் குத்தியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். வெகு நேரம் கழித்து வந்து, "ஒரு நாள்கூட விடலியேம்மா" என்றான். சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான். கைப்பைச் சீட்டை அன்று மாலையே கிழித்துப் போட்டேன்.

இவ்வளவும் உன் கடிதத்தால் நடந்தது. அதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன். வாசல் விளக்கை அணைத்தேனா என்று இந்த வயது வரைக்கும் மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிறேன். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைக்க மறந்துவிடுவேனோ என்று மதியமே போய் வாசலில் நின்றிருக்கிறேன். முப்பது வருடம் ஊரார் புத்தகத்துக்கெல்லாம் சீட்டு எழுதினேன், அது வேலை. வீட்டில் எழுதிய சீட்டுகள் உன்னால். ஒரு திருகு என்கிறாய்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். பதினேழும் உன் கை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த மூன்று வாரமும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தலையும் அப்பாவின் தலையும் ஒரே விளக்குக்குக் கீழே. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். விளக்குப் பிடித்தவள் என்று உனக்கு எழுதியது தெரிந்துதான் எழுதினேன். மெக்கானிக் அந்தக் கையைப் புகழ்ந்தபோது, அந்தப் புகழ் உனக்குப் போவதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் அப்பா என்றேன்.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் என்னிடம் சாவியைக் கொடுத்தபோது சொன்னதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. "வண்டி உனக்கு. உன் அக்காவைப் பதினேழு ஆணியும் போட வெச்சேன். அது போதும்னு நெனச்சேன்" என்றார். சாகும்போதுகூட உன் ஆணியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று முப்பத்தொரு வருடம் எரிந்துகொண்டிருந்தேன். இப்போதுதான் புரிகிறது. அவருக்குத் தெரிந்திருக்கிறது, அக்கா. வாளி கவிழ்ந்திருந்ததைப் பார்த்திருப்பார், செடிக்கடியில் உறைந்த தண்ணீரைப் பார்த்திருப்பார். உன் கையில் டிரில்லைக் கொடுத்தது எதற்கென்று நீயே யோசித்துக்கொள். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிறகு, நான் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று தோன்றியது.

மெக்கானிக் பதினொரு திருகாணி போட்டாள். நேற்று தண்ணீர் ஊற்றி இரண்டு மணி நேரம் ஓட விட்டோம். புதியது கசியவில்லை. பழையதும் கசியவில்லை. எல்லாம் தெரிந்த பிறகும், அந்தப் பதினேழுதான் அழகு என்கிறாள். உன்னிடம் அதைச் சொல்லாமல் விட்டுவிடப் பார்த்தேன். சீட்டு எழுதும் பழக்கம், எதையும் எழுதாமல் விட முடியவில்லை.

அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு ஆசை இல்லை. ஆனாலும் வா. ரயில் நிலையத்துக்கு வண்டியை எடுத்து வருகிறேன். மெக்கானிக் முன் சீட்டில் இருப்பாள். நீ பின்னால் உட்காருவாய்.

தங்கை

*

மார்ச் 8

சின்னவளுக்கு,

அப்பா சொன்னதை எழுதியிருக்கே. படிச்சிட்டு ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தேன். கீழ டிப்போவுல பஸ் ஒண்ணொண்ணா உள்ள வந்து நின்னுச்சு. கடைசி பஸ் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

"அடுத்தது, அடுத்தது"ன்னு அவர் சொன்னதை நான் அம்பத்தஞ்சு வருஷமா பாராட்டுன்னு பத்திரப்படுத்தி வெச்சிருந்தேன்டி.

போகட்டும். ஆணி கசியல இல்ல, அது போதும்.

வர்ற சனிக்கிழமை காலை ரயில்ல ஏறறேன், சாயங்காலம் அங்க வந்துடுவேன். உன் வண்டியில பின்னாடியே உக்காந்துக்கறேன். கூடை இருந்தா இருக்கட்டும், முழங்கால் இடிச்சா இடிக்கட்டும். அந்த மெக்கானிக்கை முன்னாடி வெச்சுக்கோ. வழியில அவகிட்ட சிரிச்சுச் சிரிச்சுப் பேசினேன்னா மட்டும் நான் பொறுத்துக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

பனி இன்னும் போகலைன்னு பேப்பர்ல போட்டிருக்கு. வீட்டுக்குப் போனதும் நீ குழாயைத் திறக்கணும். நீயே திற, கம்பியும் நீயே விடு. நான் எதையும் தொட மாட்டேன். என் ரெண்டு கையும் உன் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெளிச்சத்துல நீட்டிக்கிட்டு, கடைசிச் சொட்டு விழற வரைக்கும் எதிர்லயே நிக்கறேன்.

அக்கா